இடைவேளைக்குப் பிந்தைய கதை

விசாகப்பட்டினம்
12-1-1985

அன்புத் தங்கை லோகநாயகிக்கு,

கஸ்தூரி எழுதுகிறேன். இங்கே நான், மாமா, குழந்தை பவுனு மூவரும் நன்றாக இருக்கிறோம். நைனாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அம்மா கண்ணுக்கு மருந்து விடுகிறாளா, எல்லாம் விவரமாக எழுது.

பொங்கலுக்கு வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மாமா வேலைக்குப் போகிற விசைப்படகு பதினொரு நாள் கழித்து முந்தாநாள்தான் கரைக்கு வந்தது. வந்த கையோடு எங்களை மேட்னிக்கு அழைத்துப் போனார். பால்கனிக்குப் படி அதிகம் என்று கீழேயே கதவோரம் உட்கார்ந்தோம்.

அக்கா தங்கை படம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பொன்னேரித் தியேட்டரில் படம் ஓட்டுகிற அந்த நீலமேகத்திடம் கேட்டு முன்னாலேயே தெரிந்துகொள்வாய். அக்கா பெயர் ருக்மிணி. புருஷன் லாரி ஓட்டுகிறான், ஒரு பெண் குழந்தை. தங்கை பாரதி தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறாள். அவளுக்கும் அந்தத் தெருத் தபால்காரனுக்கும் ஒரு இது. கடிதம் இல்லாத நாளிலும் அவன் சைக்கிள் அவள் வாசலில்தான் நிற்கும். தியேட்டரே சிரித்தது. அக்காகாரிக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாள். தங்கைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கிற நேரத்தில் கிணற்றடியில் குடத்தோடு உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அங்கே இடைவேளை.

மிச்சத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கை வலிக்கிறது.

உன் அக்கா
கஸ்தூரி

லைட்ஹவுஸ் குப்பம்
26-1-1985

அக்காவுக்கு லோகு எழுதுவது,

எல்லோரும் சுகம். நைனாவின் முழங்கால் பனி விட்டால் சரியாகிவிடுமாம், அவரே சொல்லிக்கொள்கிறார். பவுனுவுக்கு என் முத்தம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இப்படிப் பாதியில் விட்டுப் போவது எந்த ஊர் நியாயம்? பால்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரண்டு நாளாக அந்தக் கிணற்றடியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஒளித்து ஒன்றும் ஆகவில்லை. தையல்காரி, தபால்காரன் என்று சொன்னதுமே நீலமேகம் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். பேப்பரில் வந்திருக்கிறதாம். தமிழிலும் எடுக்கப் போகிறார்களாம். அவர் இன்னும் பார்க்கவில்லை, அதனால் முடிவு தப்பியது.

தமிழில் வந்தால் கெடுத்துவிடுவார்கள், பார். போன வருஷம் நீ எழுதினாயே, சிறையிலிருந்து வந்த மகன் கதவைத் தட்டுகிறான், அம்மா கடைசிவரை திறக்கவில்லை என்று. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். இங்கே தமிழில் வந்தபோது முதல் தட்டிலேயே திறந்து பாயசம் ஊற்றுகிறாள். நம் ஆட்களுக்கு எந்தக் கதவும் மூடியிருக்கக் கூடாது. நீலமேகம் அதைத்தான் பிடிக்கும் என்கிறார். “காசு குட்து உள்ள வர்றவன வெளில அழவுட்டு அனுப்பலாமா”ன்னு என்னையே கேட்கிறார்.

மிச்சக் கதையை உடனே எழுது.

லோகு

விசாகப்பட்டினம்
17-2-1985

என் லோகுவுக்கு,

நாங்கள் சௌக்கியம். உங்கள் சுகத்துக்கு எழுது. தாமதத்துக்கு ஒன்றும் நினைக்காதே. மூன்று நாளாக உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். கதை ஒன்றும் விட்டுப்போகக் கூடாதல்லவா.

ருக்மிணி பிழைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியவர்கள் எல்லோரும் கூடத்தில் உட்காருகிறார்கள். குழந்தைக்கு வேறு யார் இருக்கிறார்கள், அந்நியப் பெண் வந்தால் பார்ப்பாளா, பாரதியே கட்டிக்கொள்ளட்டும் என்கிறார்கள். பாரதியின் அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுகிறார். எல்லோரும் அவள் அழுதுகொண்டே ஒத்துக்கொள்வாள் என்றுதானே நினைப்போம். அவள் அழவில்லை. எழுந்து நின்று சொல்கிறாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “எங்க அக்கா கொயந்தைக்கு நான் சோறு ஊட்டுவேன். தல வாரி உடுவேன். ஆனா எங்க அக்கா எடத்துல நான் ஒக்கார மாட்டேன். அது அவ எடம். எனக்குன்னு ஒரு எடம் இருக்குது.”

தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் தபால்காரனையே கட்டிக்கொள்கிறாள். லாரிக்காரனின் அக்கா ஒருத்தி வந்து குழந்தையை வளர்க்கிறாள். குழந்தை பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்ததும் சித்திக்குத்தான் முதல் கடிதம் எழுதுகிறது. அதோடு படம் முடிகிறது.

எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடித்தது. நீ மறக்காமல் நினைவில் வைத்துக்கொள். தமிழில் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், சரியான கதை இதுதான்.

அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

கஸ்தூரி

லைட்ஹவுஸ் குப்பம்
12-3-1985

அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உனக்கும் மாமாவுக்கும் பவுனுவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு பெரிய சமாசாரம். நீ பார்த்த அதே படத்தின் தமிழ்ப் படப்பிடிப்பு இரண்டு நாள் பழவேற்காட்டில் நடந்தது. படகு பிடித்துக் குப்பமே அக்கரைக்குப் போய்விட்டது. நைனா வலையைப் போட்டுவிட்டு வந்தார்.

டச்சுக்காரர் கல்லறைக்குள்தான் எடுத்தார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறதல்லவா, குடும்பப் படத்துக்கு அது ஆகாது என்று சாமந்திச் சரம் போட்டு மூடிவிட்டார்கள். யாரோ ஒரு டச்சுக்காரன் சமாதிமேல் ‘ருக்மிணி’ என்று அட்டையில் எழுதி வைத்தார்கள். இருநூறு முந்நூறு வருஷமாகப் படுத்திருக்கிறவனுக்குப் பெண் பெயர் வைத்தால் எப்படி இருக்கும் என்று நீலமேகம் சொல்ல, நான் சிரித்த சிரிப்பில் ஒரு ஷாட் வீணாகிவிட்டது. டைரக்டர் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. பாரதியாக நடிப்பவள் சிவப்புப் புடவையும் மாலையுமாக வந்து அந்தச் சமாதியைக் கும்பிட்டாள். பக்கத்தில் லாரிக்காரனும் மாலையோடு நின்றான். ஒன்பது தடவை எடுத்தார்கள். ஒன்பது தடவையும் அவள் கண்ணில் மருந்து விட்டார்கள். நீ சொன்ன கதையில் இது இல்லையே அக்கா?

சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு நீ வந்தே ஆகவேண்டும். இரண்டு வருஷம் ஆகிறது உன்னைப் பார்த்து. உனக்காகச் சென்னாக்கூனி, சுறாக் கருவாடு எல்லாம் அம்மா காயவைத்திருக்கிறாள்.

லோகு

விசாகப்பட்டினம்
21-5-1985

லோகுவுக்கு,

நாங்கள் மூவரும் இருக்கிறோம். உங்கள் நலத்துக்குக் கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

திருவிழாவுக்கு வராததற்கு அம்மா திட்டியிருப்பாள். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கருவாடு அனுப்பவேண்டாம். இங்கே வெயிலுக்கு உப்பு ஒத்துக்கொள்வதில்லை.

படப்பிடிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். தமிழில் மாற்றியிருப்பார்கள். உனக்குத்தான் தெரியுமே, அவர்களுக்குக் கதவு மூடியிருக்கக் கூடாது.

இந்த ஒரு வருஷமாக நீ அனுப்பிய கடிதங்களை எல்லாம் எடுத்து எண்ணிப் பார்த்தேன். நீலமேகம் என்ற பெயர் பதினான்கு தடவை வருகிறது. நைனாவின் பெயர் ஒன்பது தடவை. எனக்குப் பதில் வேண்டும். அவரைப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் ஒரே ஒரு வரி எழுது, போதும். நைனா குதிப்பார், படம் ஓட்டுகிறவனுக்கா பெண் என்பார். செப்டம்பரில் மாமாவும் நானும் மெட்ராஸ் வருகிறோம், ஒரு வேலை இருக்கிறது. அப்போது நானே உட்கார்ந்து பேசுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன் வாயால் எனக்குத் தெரியவேண்டும்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதினேன்.

கஸ்தூரி

லைட்ஹவுஸ் குப்பம்
18-8-1985

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். எத்தனை தடவை எழுத உட்கார்ந்தேனோ, அந்த ஒரு வரி வரவில்லை. நேருக்கு நேர் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பேப்பரில் எழுதிவிட்டால் மாற்ற முடியாதல்லவா.

முதலில் படம். நேற்று பொன்னேரியில் பார்த்தேன். நான் பயந்தபடிதான். பாரதி ஒரு பேச்சும் பேசவில்லை. பெரியவர்கள் சொன்னதும் தூணைப் பிடித்து அழுகிறாள், அடுத்த காட்சியில் மாலையோடு சமாதிமுன் நிற்கிறாள். தபால்காரன் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். “எனக்குன்னு ஒரு எடம் இருக்குது” என்று அவள் எப்போது சொல்வாள் என்று கடைசிவரை காத்திருந்தேன். என்னைச் சுற்றிலும் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

வெளியே வந்து நீலமேகத்தோடு சண்டை போட்டேன், உங்கள் தமிழ்க்காரர்கள் நல்ல கதையைக் கெடுத்தார்கள் என்று. அவர் விழித்தார். போன மாதம் சூலூர்பேட்டையில் தெலுங்குப் படத்தைப் பார்த்தாராம். “ரெண்டும் ஒண்ணுதான் லோகு. ஒரு சீன்கூட மாத்தல”ன்னு சாதிக்கிறார். அவருக்குத் தெலுங்கு சரியாகத் தெரியாது. நீயே அவருக்கு ஒரு கார்டு போட்டுச் சொல்.

இப்போது அந்த ஒரு வரி. பிடித்திருக்கிறது அக்கா.

செப்டம்பருக்குக் காத்திருக்கிறேன்.

லோகு

லைட்ஹவுஸ் குப்பம்
27-10-1985

மாமா அவர்களுக்கு லோகநாயகி எழுதுவது,

பவுனு நன்றாக இருக்கிறாள். இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். பால்வாடிக்கு என்னோடு வருகிறாள். நீங்கள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டீர்களா? நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தந்தி வந்து நாங்கள் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தபோது, உங்கள் வீட்டுக் கண்ணாடி மாடத்தில் என் கடிதம் பிரிக்காமல் இருந்தது. நீங்கள் பார்த்தீர்களோ என்னவோ, நான் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அக்கா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் அதில் இருந்தது. ஒரு வாரம் முன்னால் எழுதியிருந்தால் கண்ணை மூடுமுன் படித்திருப்பாள். இதைத் தவிர வேறு எதுவும் இப்போது என் மனதில் ஓடுவதில்லை.

இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷனுக்கு மெட்ராஸில் செப்டம்பரில் நாள் குறித்திருந்தது என்று அன்றைக்குத்தான் உங்கள் வாயால் கேட்டோம். அம்மா உங்களைக் கேட்ட கேள்விகளுக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவளுக்கு யாரையாவது அடிக்கவேண்டும்போல் இருந்தது.

நைனாவும் சுப்பராயலு பெரியப்பாவும் தை மாதம் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் சம்மதித்ததாகச் சொன்னார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, தலையை மட்டும் தடவிக்கொடுக்கிறார்கள். நேற்று பவுனு என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ஜனவரியில் நீங்கள் மூவரும் ஒரு அக்கா தங்கை படம் பார்த்தீர்களே, அது எப்படி முடிந்தது?

லோகநாயகி

விசாகப்பட்டினம்
12-11-1985

லோகநாயகிக்கு வீரராகவன் எழுதுவது,

நான் சௌக்கியம். வீட்டில் எல்லோருக்கும் சொல்லவும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எல்லாம் அவள்தான் எழுதுவாள்.

அந்தப் படத்தின் முடிவை நாங்கள் பார்க்கவில்லை. இடைவேளையில் வெளியே வந்தவளுக்கு மறுபடி உள்ளே போக மூச்சு இல்லை. தியேட்டர் படியில் உட்கார்ந்துவிட்டாள். பவுனுவுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்து ரிக்‌ஷா வைத்து வீட்டுக்கு வந்தோம். மறுநாள்தான் டாக்டர் வால்வு என்று சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அப்பாயம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னாள். தங்கை அக்கா புருஷனையே கட்டிக்கொள்கிறாள் என்றாள். கஸ்தூரி அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேட்டாங்களா”ன்னு கேட்டாள். அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள் என்று அப்பாயம்மா சொன்னாள். அதற்கப்புறம் மூன்று நாள் உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுதுவாள், கிழிப்பாள். என்னவென்று கேட்டேன், படக்கதை என்றாள்.

உடம்பைப் பற்றி ஊருக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். “எய்தினா நான் உயிரோட இருக்கறப்பவே லோகுவ ஒங்களுக்குப் பேசிடுவாங்க”ன்னு சொன்னாள். எனக்கு அது அப்போது கோபமாக இருந்தது.

உனக்கு என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

வீரராகவன்

லைட்ஹவுஸ் குப்பம்
25-11-1985

மாமா அவர்களுக்கு,

இங்கே மழை. மற்றபடி எல்லோரும் நலம். பவுனுவுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் பிப்ரவரி மாதக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நீலமேகத்தை நான் தெலுங்கு தெரியாதவர் என்று சொன்னேன். அவர் சொன்னதுதான் உண்மை. இரண்டு படமும் ஒன்றுதான். இந்த முடிவு எந்தப் படத்திலும் இல்லை.

நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? பத்தாவது வரை படித்தவள் நான், எட்டாவதோடு நின்றவள் அவள். அவள் என் கடிதங்களில் நீலமேகம் என்ற பெயரை எண்ணி என் மனசைக் கண்டுபிடித்தாள். அவள் படியேறவில்லை, உப்பு வேண்டாம், படுத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று எழுதினாள். நான் டைரக்டர் திரும்பிப் பார்த்ததைப் பற்றி எழுதினேன்.

அவள் எழுதிய பேச்சை எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் வரவில்லை மாமா. பவுனு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அவளை மட்டும் என்னிடமே விட்டுவிடுங்கள், மற்றதை எப்படியாவது பேசிக்கொள்ளலாம் என்று கேட்கத் தோன்றுகிறது. அது முடியாது என்றால், நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

லோகநாயகி

விசாகப்பட்டினம்
9-12-1985

லோகநாயகிக்கு,

நான் நலம். கடிதத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். மழையில் நனையாமல் வைத்துக்கொள்.

மாமனார் கேட்டபோது நான் சரி என்றேன். குழந்தையை நினைத்தேன், உன்னை நினைக்கவில்லை. கஸ்தூரி எழுதியதைப் படித்தபிறகு கரைக்கு வந்தும் இரண்டு நாள் படகிலேயே இருந்தேன்.

மாமனாருக்குத் தனியாக எழுதிவிட்டேன். எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம், நான்தான் வேண்டாம் என்கிறேன் என்று. அவர் என்னைத் திட்டட்டும். உன்னை எதுவும் கேட்கமாட்டார்கள். நீலமேகம் என்கிறவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கிறேன், கஸ்தூரி விரும்பினாள் என்று.

பவுனுவை அங்கே விடமாட்டேன். கல் மனசு என்று நினைக்காதே. அவள் உன் மடியில் இருக்கிறவரை யாராவது மாசத்துக்கு ஒரு தரம் இந்தப் பேச்சை எடுப்பார்கள். ஒரு நாள் நீ சரி என்று சொல்லிவிடுவாய். என் அக்கா இருசம்மாள் இங்கே வந்து இருக்கச் சம்மதித்திருக்கிறாள். பொங்கல் கழித்து வந்து அழைத்துப் போகிறேன்.

வீரராகவன்

லைட்ஹவுஸ் குப்பம்
2-2-1986

மாமா அவர்களுக்கு,

நீங்களும் பவுனுவும் இருசம்மாள் அக்காவும் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே அம்மாவுக்குத்தான் இரண்டு நாளாக அடுப்புப் பக்கம் போக மனமில்லை.

நைனா பத்து நாள் என்னோடு பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை வலை பிரித்துக்கொண்டே, “அந்தப் பையனுக்கு நீச்சலாச்சும் தெரியுமா”ன்னு கேட்டார். தெரியும் என்றேன். நீலமேகத்தின் வீட்டார் வருகிற வாரம் வருகிறார்கள். பங்குனியில் வைக்கலாம் என்கிறார்கள். நீங்கள் வரவேண்டும் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

பொன்னேரி ஸ்டேஷனில் நான் செய்ததைச் சொல்லவேண்டும். வண்டி புறப்படும் நேரம் பவுனு என் முந்தானையை விடவில்லை. எல்லோருமே போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். “சித்தி பிஸ்கட் வாங்கினு வர்றேன், எனக்கு எடம் புட்ச்சி வை”ன்னு சொல்லி இறங்கிவிட்டேன். நீங்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வண்டி நகர்ந்தபோது அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் வேறு பக்கம் ஏறிவிட்டேன் என்று நம்பியிருப்பாள்.

எப்போது தெரிந்துகொண்டாள்? ரொம்ப அழுதாளா? மறைக்காமல் எழுதுங்கள். இனிமேல் யாரும் எனக்கு எதையும் மறைக்கவேண்டாம்.

லோகநாயகி

விசாகப்பட்டினம்
16-2-1986

லோகநாயகிக்கு வீரராகவன்,

நாங்கள் மூவரும் சௌக்கியம். பவுனு சாப்பிடுகிறாள். அப்பாயம்மா வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுகிறாள். பங்குனிக்கு நாங்கள் வரவில்லை. வந்தால் நல்லது கெட்டது பேசுவார்கள். நீங்கள் இருவரும் நன்றாக இருக்கவேண்டும்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். அவள் அழவில்லை. ஜன்னலோரம் உன் இடத்தில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டாள். சூலூர்பேட்டையில் ஒரு பெரியவர் ஏறி உட்காரப் பார்த்தார். “எங்க சித்தி வருது”ன்னு சொன்னாள். அவர் நாயுடுபேட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். கூடூரில் வண்டி மாறவேண்டும் என்று தூக்கினேன். இறங்கமாட்டேன் என்றாள். கையிலிருந்த கைக்குட்டையை அந்த இடத்தில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் என் தோளுக்கு வந்தாள்.

வீரராகவன்